மாமா காலில் கட்டிய காந்தம்

வடகரை,
28.6.2025

அன்புள்ள அத்தானுக்கு,

அனுசியா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லையில் பனி எப்படி இருக்கிறது? போன தடவை அனுப்பிய கம்பளிச் சாக்ஸைப் போடுகிறீர்களா, இல்லை பெட்டியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் போன் வந்தாலே மாமா என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். நீங்கள் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் நான் வாய் திறப்பதற்குள், ஜம்முன்னு இருக்கேன் லே என்று அவரே கத்திவிடுகிறார். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று எனக்கும் அத்தைக்கும் கண்டிப்பான உத்தரவு. நான் எப்போது யார் உத்தரவைக் கேட்டிருக்கிறேன்?

சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவிக்கு வருகிற கூட்டத்தில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. கார் நெல்லுக்கு நாற்றுப் பாவியாகிவிட்டது. அத்தைதான் வயலுக்குப் போய்வருகிறார்கள், ஏனென்றால் மாமாவால் நடக்க முடியவில்லை.

வலது கால் பெருவிரல். செருப்பில் ஆணி ஏறியது தெரியாமல் வயல் முழுக்கச் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். அத்தை இரத்தத்தைப் பார்த்துக் கத்திய பிறகுதான் அவரே குனிந்து பார்த்தார். சர்க்கரை ஏறிய காலுக்கு வலி எங்கே தெரிகிறது? பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு ஐந்தருவியில் போய்க் குளித்தும் வந்திருக்கிறார், மூலிகைத் தண்ணி புண்ணை ஆத்தும் என்று. இப்போது விரல் கறுத்துவிட்டது. தென்காசி டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: விரலை உடனே எடுத்துவிட்டால் பாதம் தப்பும், தள்ளிப்போட்டால் விஷம் மேலே ஏறும், அப்புறம் உயிருக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. மாமா முடியாது என்று சொல்லிவிட்டார். எம் மருமவ மருந்து செய்யுதா, அது வாறது வரைக்கும் ஒருத்தரும் கத்தியைத் தொடப்பிடாது என்று டாக்டரிடமே சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது என்றிருந்தது.

என் ஆராய்ச்சி வேலையை நான் எத்தனை தடவை சொன்னாலும் இரும்புத்தூள் வேலை என்று கேலி செய்வீர்கள். இப்போது கேலி செய்யாமல் கேளுங்கள். இரும்பு உப்புக் கரைசலில் அம்மோனியா விட்டால் கரைசல் கறுத்து, கண்ணுக்கே தெரியாத பொடி பிறக்கும். காந்தம் எங்கே போனாலும் அந்தப் பொடி பின்னாலேயே போகும். அதன்மேல் இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற கைட்டோசான் என்ற பாலிமரைப் பூசுவோம். அந்தப் பூச்சில் புரதத்தை ஏற்றுவோம். புண்ணை ஆற்றுகிற புரதங்கள் உண்டு, ஆனால் ஊசியாகப் போட்டால் உடம்பெல்லாம் சிதறி வீணாகிவிடும். பொடியை வண்டியாக்கி, வெளியே காந்தம் வைத்து, வேண்டிய இடத்தில் சரக்கை இறக்க முடியுமா என்று பார்க்கிறேன். முடியுமா என்றுதான் பார்க்கிறேன். முடியும் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை.

போன மாசியில் எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் லேப்பைத் திறந்துவிட்டார்கள். மாமா இஸ்திரிச் சட்டையும் முறுக்கிய மீசையுமாக ஏதோ இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் போல வந்தார். குப்பியில் கறுப்புத் தண்ணீர். பக்கத்தில் காந்தத்தை வைத்தேன். கறுப்பெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி, தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆத்தாடி, சொன்ன சொல்லு கேக்குதே என்று வாய்பிளந்து நின்றார். சர்க்கரைப் புண்ணுக்கு ஆகுமா என்று கேட்டார். ஆகலாம் மாமா, ஆனால் அதற்குள் எனக்கே தலை நரைத்துவிடும் என்றேன். அந்தப் பின்பாதி அவர் காதில் ஏறவே இல்லை. வடகரை முழுக்கச் சொல்லிவிட்டார்.

அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு, இனிமே பொம்பளப் புள்ளைக்கு என்ன படிப்பு என்று வந்த சொந்தக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர்தான். விரலில் கட்டு விழும்வரை என்னை பஸ் ஸ்டாப்புக்கு பைக்கில் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். நான் சொல்வதை என்னைவிட அதிகமாக நம்புகிற ஒரே ஆள். அதுதான் இப்போது வினையாக வந்து நிற்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். மைக்செட் கடை சேக் மைதீன் அண்ணாச்சியிடம் போய், பழைய ஸ்பீக்கரை உடைத்து அதிலிருந்த வட்டக் காந்தத்தை வாங்கி வந்திருக்கிறார். இன்சுலின் ஊசியை வயிற்றில் போட்டதும், பாதத்துக்கு அடியில் காந்தத்தை வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார். என்ன மாமா இது என்றேன். இன்சுலினும் புரதம்னு நீதான சொன்ன, அது வயித்துலயே கெடந்தா எப்படி, கீழ எறங்கி வரணும்லா என்கிறார். நானே சொல்லித் தொலைத்ததுதான். மாமா, வெறும் இன்சுலினைக் காந்தம் இழுக்காது, இப்படி இறுக்கிக் கட்டினால் போகிற கொஞ்ச இரத்தமும் நின்றுவிடும் என்று கத்தினேன். நான் பள்ளிக்கூடம் போகும்போது அவிழ்த்துவிடுவார். பஸ் ஏறியதும் கட்டிக்கொள்வார் என்று அத்தை சொல்கிறார்கள். கல்லூரியை அவர் பள்ளிக்கூடம் என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அதுவே வருகிறது.

என்னிடம் இருப்பது மருந்தே இல்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். புண்ணாற்றும் புரதம் விலை கூடியது, அதனால் வண்டி ஓடுகிறதா என்று பார்க்க முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுத்த ஒரு புரதத்தைத்தான் ஏற்றியிருக்கிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். உடனே முகம் மலர்ந்துவிட்டது. டாக்டரே புண்ணு ஆற முட்டை வெள்ளைக்கரு திங்கத்தான சொன்னாரு, அப்ப சரியாத்தான் செஞ்சிருக்க என்கிறார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அடுத்த தடவை போனில் நீங்களாகவே கேட்பது போல ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அனுசியா

வடகரை,
17.7.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் போனில் சொன்னதும் சரி லே, சரி லே என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, என்னட்டி, எழுதிப்போட்டியோ என்றார். போலீஸ்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டால் இதுதான் கதி. ரிட்டையர் ஆனாலும் விசாரணையை விடமாட்டார்கள். பனியில நிக்கவனுக்கு இத எழுதலாமா, அவன் கவனம் தப்பினா என்ன ஆவும் என்று என்னைத் திட்டினார். அத்தான், போன் வேலைக்கு ஆகாது. உங்கள் குரலுக்கு அவர் சரி சொல்கிறார், அவ்வளவுதான். குரல் நின்றதும் சரியும் நின்றுவிடுகிறது.

என் வாயால் சொன்னால்தான் நம்பவில்லை, கண்ணால் பார்த்தாவது நம்பட்டும் என்று வாடகைக் கார் பிடித்து அவரை எங்கள் லேப்புக்கே கூட்டிப்போனேன். மெல்லிய குழாயில் உப்புத் தண்ணீரை ஓடவிட்டு, பொடியைக் கலந்து, வெளியே காந்தத்தை வைத்தேன். ஓட்டத்தைக் கூட்டியதும் பொடி நிற்காமல் காந்தத்தைத் தாண்டிப் போய்விட்டது. பார்த்தீர்களா மாமா, உடம்பில் இரத்த ஓட்டத்தில் இதுதான் நடக்கும், பொடி நின்றாலும் அதில் ஏற்றிய புரதம் இறங்கவே மாட்டேன் என்கிறது, அதோடுதான் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

அவர் கூர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னதைக் கேளுங்கள். மெயின் அருவிக்கு அடியில சோப்பு நிக்குமா, அது மாதிரி இதுவும் நிக்கல. ஆனா எங்கால்ல எங்கன ஓட்டம் இருக்கு, வெரலுக்கு ரத்தமே போவலன்னு டாக்டரே சொல்லுதாரே, ஓட்டம் இல்லாத எடத்துல நல்லா ஒக்காந்துக்கிடும்லா என்றார். இரத்தமே போகாத இடத்துக்கு வண்டி எந்த ரோட்டில் மாமா போகும் என்றேன். அதுக்கும் நீ ஒண்ணு யோசிப்ப என்று என் தலையைத் தடவினார்.

என் கைடு ஆனந்தவள்ளி மேடமும் பொறுமையாகச் சொன்னார்கள். ஐயா, இதை இன்னும் ஓர் எலிக்குக்கூடப் போட்டதில்லை என்றார்கள். எலிக்கு முன்னால எனக்குப் போடுங்கம்மா என்றார் மாமா. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

உங்களிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். அதற்கு அடுத்த நாள் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு குப்பியை எடுத்து சாப்பாட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோசிக்கவே தொடங்கினேன். இதைப் புண்ணில் ஊற்றினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் இருக்கிற விஷத்தோடு இதுவும் சேரும். மருந்து போட்டாச்சு என்ற நினைப்பில் இன்னும் நாளைக் கடத்துவார், அது நிச்சயம். தெரிந்தும் எடுத்திருக்கிறேன் பாருங்கள். பாதி வழியில் ஆலங்குளத்தில் இறங்கினேன். பழக்கடைப் பக்கம் நின்று ஒரு பாட்டம் அழுதேன். ஒரு அக்கா வந்து என்னம்மா, வீட்டுல ஏதும் தப்பாப் போச்சா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறித் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே வாடை. சாம்பிராணி போட்டும் போகவில்லை. இரண்டாவது விரலும் கறுத்துவிட்டது. அத்தை இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டார்கள். வேண்டாம் என்றால், நான் வேற என்னத்தச் செய்ய, நீயாவது படிச்சிருக்க என்கிறார்கள். படித்து என்ன கிழித்தேன் அத்தான்? உலகத்தில் யாருக்கோ என்றைக்கோ ஆகப்போகிற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கண் முன்னால் அழுகுகிற காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை எந்தப் பரீட்சையிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கடைசியில் பொய் சொல்லிவிட்டேன். கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது, மாமா, மேடம் ஒரு வழி சொன்னார்கள் என்று ஆரம்பித்தேன். செத்துப்போன இடத்தில் மருந்து பிடிக்காதாம், கறுத்ததை எல்லாம் டாக்டர் எடுத்துவிட்டால் கீழே இருக்கிற நல்ல சதையில் என் மருந்தைப் போட்டுவிடலாமாம், அதற்கு அனுமதியும் வாங்கியாயிற்று என்றேன். ஒரு வார்த்தை உண்மையில்லை. மாமா என்னையே பார்த்தார். ஸ்டேஷனில் கொண்டுவந்து நிறுத்திய ஆட்களை எப்படிப் பார்த்திருப்பாரோ அப்படி. நான் பஞ்சுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம்பமாட்டார், இத்தோடு தொலைந்தது என்று நினைத்தேன்.

அப்படின்னா சரிட்டி, டாக்டர்ட்ட சொல்லிரு என்றார்.

நாளைக்குத் தென்காசியில் சேர்க்கிறோம். பிழைக்கட்டும், அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். மருந்து எங்கேட்டி என்று கேட்கிற அன்றைக்கு அவர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றுதான் தெரியவில்லை. நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்தாலும் வந்து கோபித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அனுசியா

தென்காசி,
9.8.2025

அன்புள்ள அத்தானுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் யூனிட்டுக்குப் போன் செய்து சேதி சொல்லிவிட்டேன். அப்பா சீரியஸ் என்று ஒரு வரியாகத்தான் உங்களுக்கு வந்து சேரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். ராயகிரி செல்லச்சாமி அண்ணன் லீவு முடிந்து இன்றைக்கே உங்கள் பக்கம் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

விரல்களை எடுத்தால் போதும் என்று உள்ளே கொண்டுபோனார்கள். திறந்து பார்த்த பிறகு முன்பாதத்தையே எடுக்கும்படி ஆகிவிட்டது. மாமா கட்டைப் பார்த்துவிட்டு, செருப்புக்கடைக்காரனுக்கு நட்டம் என்று அத்தையைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அத்தை சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு புண் ஆறவில்லை. டாக்டரும் நர்ஸம்மாக்களும் பார்க்காத வைத்தியம் இல்லை. மாமா வார்டு முழுக்க, எம் மருமவ மருந்து வந்துக்கிட்டிருக்கு, காந்தத்துல இழுக்க மருந்து என்று பெருமையடிக்கிறார். பக்கத்துக் கட்டில்காரரின் மகன் எங்க அப்பாவுக்கும் கிடைக்குமாம்மா என்று என்னைக் கேட்டார். வேல்விழி என்ற சின்ன நர்ஸ், உங்க மருந்து என்னைக்கு வருதுக்கா என்று தினமும் கேட்பாள். ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. நான் வார்டுக்குள் நுழையும்போதே தலை குனிந்துதான் நுழைவேன். என்னிடம் மட்டும் மாமா அந்த மருந்தைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லாமல் போயிற்று.

நேற்று சேக் மைதீன் அண்ணாச்சி பார்க்க வந்தார். மாமா தூங்கிக்கொண்டிருந்தார், வெளியே நின்று பேசினோம். அண்ணாச்சி, அந்தக் காந்தத்தை வீட்டில் எங்கே தேடியும் காணோம், உங்கள் சாமானைத் திருப்பித் தரமுடியவில்லை என்றேன். அவர் ஒரு மாதிரி விழித்தார். எங்கிட்டதானம்மா இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கெளம்புததுக்கு முன்னால அவரே ஆள் விட்டுக் கூப்பிட்டுக் குடுத்துட்டாரே என்றார். ஏன் என்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றார். விடாமல் கேட்டேன். என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியுமே.

மாமா அவரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இனிமே இது எனக்கு ஆவாது மைதீன், மருந்தும் கெடையாது ஒண்ணும் கெடையாது, புள்ள பொய் சொல்லுதா. பொய் சொல்லிப் பழக்கம் இல்ல அவளுக்கு, பஞ்சப் பாத்துக்கிட்டே சொல்லுதா. நான் மாட்டேன்னு கெடந்து செத்துப்போனா, மருந்து வரும்னு மாமன நம்ப வச்சிக் கொன்னுட்டேனேன்னு அது ஆயுசுக்கும் அழும். படிப்பையும் தூக்கிப் போட்டுரும். அதுக்காவத்தான் போறேன். நீ இத அவட்ட சொல்லிராத.

வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன் அத்தான். அண்ணாச்சி தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார். வார்டில் அவர் அடிக்கிற பெருமையெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. என் பொய் பொய்யாகத் தெரியாமல் இருக்க அவர் ஊருக்கெல்லாம் மருந்து வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்று காலையில் டாக்டர் வந்தார். காய்ச்சல் இறங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் ஆள் தப்புவார், ஊசி மருந்தால் சில நாள் தாக்குப்பிடிக்கலாம், அதற்குள் முடிவு சொல்லுங்கள் என்றார். மாமா சிரித்துக்கொண்டே, எம் மருமவ மருந்து வந்துரும் சார், அதுவரைக்கும் பொறுங்க என்றார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் பொய்யையே எடுத்துக் கேடயமாகப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் போனதும் கட்டிலோரம் உட்கார்ந்து, மாமா, மருந்து இல்லை, நான் சொன்னது பொய் என்றேன். வார்டே கேட்கும்படி சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாப் பேசுட்டி, நாலு பேரு இருக்காவ என்றார். தெரிந்துதானே மாமா வந்தீர்கள், இன்னொரு தடவை எனக்காகச் சரி சொல்லுங்கள் என்று காலைப் பிடித்தேன். எந்தக் காலைப் பிடிக்க? நல்ல காலைப் பிடித்தேன். ஒனக்காவ ஒரு தடவ குடுத்தாச்சு தாயி, போதும், மீதிக் காலோடயே போறேன் என்று கண்ணை மூடிக்கொண்டார். உங்களைக் கூப்பிடட்டுமா என்றேன். அவன் அங்கன நிக்கட்டும், எனக்காவ எறங்க வேண்டாம் என்றார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அத்தை அந்தப் பக்கமாகப் போய் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

ஆனந்தவள்ளி மேடம் காலையில் போன் செய்தார்கள். பூச்சைக் கொஞ்சம் மாற்றியதில், புரதம் முதல் தடவையாக ஒழுங்காக இறங்கியிருக்கிறதாம். பல மாதமாக இதற்குத்தான் தவம் கிடந்தேன். சந்தோஷம் மேடம் என்று சொல்லி வைத்துவிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவார், அதைப் பார்க்க என்னால் ஆகாது.

லீவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் இதற்குள் இருக்கிறது. அவர் கூப்பிட வேண்டாம் என்று சொன்னதை மீறித்தான் கூப்பிடுகிறேன். அவர் என்னை மன்னித்துக்கொள்வார், அதற்கு ஆள் பிழைத்து இருக்கவேண்டும். என் சொல்லை ஒரு பொய்யில் செலவழித்துவிட்டேன் அத்தான். இனி இந்த வீட்டில் அவரை அசைக்க உங்கள் சொல் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. அதைப் போனில் அனுப்பாதீர்கள், வந்து சேராது. காகிதத்திலும் அனுப்பாதீர்கள். நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இசக்கியம்மன் உங்களைப் பத்திரமாக இங்கே கொண்டுவந்து இறக்கிவிடட்டும். அதுவரை மாமாவின் நல்ல காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள்
அனுசியா